ஆறெட்டு நாற்பத்தெட்டு

அத்தியாயம் 5

மேஜைமேல் மூன்றடுக்கு டப்பா ஒன்று மூடி போட்டு இருந்தது. அந்த வீட்டில் அன்றைக்கு இருந்த ஒரே வழக்கு அதுதான்.

"காலையிலேயே சமைச்சுட்டேன்க்கா," என்றாள் மேஸ்திரியின் மனைவி. கணவன் செத்து மூன்றாம் நாள். அழுது தீர்த்த முகம். "கை தன்பாட்டுக்குச் சமைச்சு மூடியும் போட்டுடுச்சு. லாக்கப்புல ஆறு மணி வரைக்கும்தான் பார்க்க விடுவாங்களாம். ஆனா வாசலைத் தாண்ட கால் வரமாட்டேங்குது. எம் புருஷனைக் கொன்னவனுக்கா சாப்பாடு தூக்கிட்டுப் போறேன்? இல்ல, ஒண்ணும் பண்ணாத என் தம்பியைப் பட்டினி போடறேனா? ரெண்டுல எதுன்னு சொல்லிடுங்க. கொன்னான்னா கொன்னான்னு சொல்லுங்க, தாங்கிக்குவேன். தெரியாம உக்காந்திருக்கறதுதான் முடியல."

துப்பறியும் அம்மாள் தன் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு ஊரார் வைத்த பெயர் முழக்கோல். நெடிய உருவம், வளையாத முதுகு. யார் என்ன சொன்னாலும் தானே ஒருமுறை அளந்து பார்த்தால்தான் ஒத்துக்கொள்வார். அவரிடம் பேரம் பேசிப் பார்த்தவர்கள் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனதுதான் மிச்சம்.

பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான் அவருடைய உதவியாள் ரேடியோ. நாற்பதைத் தாண்டியவன். பதினாறு வருடம் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைத்துவிட்டு, மேலதிகாரியின் மூக்கைப் பற்றி அவர் எதிரிலேயே ஒரு ஜோக் சொன்னதால் வெளியே வந்தவன். அவனை அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறதென்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து அவனும் வாயைத் திறக்கவில்லை. அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். மேஸ்திரி வேலை பார்த்தது ஒரு மரப்பெட்டிக் கிடங்கில். கப்பலேறப் போகும் பெட்டிகளில் பூச்சி இருக்கக் கூடாதென்று, அறைக்குள் அடைத்து விஷவாயு விடுவார்கள். அப்புறம் விசிறியைப் போட்டு வாயுவை வெளியேற்றுவார்கள். குறித்த நிமிடம் முடிந்ததும் பச்சை விளக்கு எரியும், பூட்டு தானாக விடும், கதவுக்காரன் கதவைத் திறப்பான். முதல் ஆளாக, தனி ஆளாக மேஸ்திரி உள்ளே போவார். அவர் கையசைத்த பிறகுதான் மற்றவர்கள். ஏழு வருடமாக இந்த வழக்கம் ஒருநாளும் மாறியதில்லை. கதவுக்காரன் வேறு யாருமில்லை, மேஸ்திரியின் மச்சினன். இதோ உட்கார்ந்திருப்பவளின் தம்பி.

சனிக்கிழமை காலை மூன்றாம் அறைக்கு அறுபது நிமிடம் விசிறி ஓடியிருக்க வேண்டும். கதவு திறந்ததோ நாற்பத்தெட்டாவது நிமிடத்தில். உள்ளே போய்ப் பெட்டியின் அடிக்கட்டையை எடுக்கக் குனிந்த மேஸ்திரி நிமிரவே இல்லை. வாயு தரையோடு தரையாகக் கிடந்தது.

அவசரத்துக்கென்று கதவுக்காரனிடம் ஒரு சாவி உண்டு. போலீசுக்கு அது போதும். அதற்குமேல் கொசுறும் கிடைத்தது. பத்து நாள் முன்னால் அக்கா கன்னத்தில் ஐந்து விரல் பதிந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தம்பி கிடங்குக்கே போய், நாலு பேர் முன்னால் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்து, "இன்னொரு தடவை கை நீட்டினா உன்னைக் குழியில இறக்கிடுவேன்," என்று கத்தியிருந்தான்.

"உங்க தம்பி என்ன சொல்றார்?" என்று கேட்டார் முழக்கோல்.

"ஒரே பேச்சுதான். பச்சை எரிஞ்சது, பச்சை எரிஞ்சதுங்கறான்."

"உங்க வீட்டுக்காரருக்கு வேற யார்கூடவாவது தகராறா?"

அவள் யோசித்தாள். "அவருக்கு யார்கூடத்தான் இல்ல? கிடங்குல வாயு அளக்கற மீட்டரெல்லாம் செத்து ஆறு மாசமாச்சாம். திரையில ஓடற நம்பரெல்லாம் சும்மா பொம்மையாம். திங்கக்கிழமை ஆய்வுக்கு அதிகாரி வர்றாரு, அவர் முன்னாடி போட்டு உடைக்கிறேன்னு குதிச்சுட்டிருந்தாரு." சுவரைப் பார்த்தாள். "இன்னிக்குத்தான் அந்தத் திங்கக்கிழமை."

முழக்கோல் எழுந்தார். "ஆறு மணிக்குள்ள வந்து சொல்றேன் தங்கச்சி. டப்பாவை இங்கயே வெச்சிருங்க."

தெருவுக்கு வந்ததும்தான் ரேடியோவுக்குக் குரல் வந்தது. "மேடம், அந்தத் தம்பி கொன்னிருந்தா இந்தம்மாவுக்கு ரெண்டு பேரும் போச்சு. கொல்லலேன்னா ஒருத்தர் போச்சு. ஜெயிச்சாலும் நஷ்டம்தான். இப்படி ஒரு கேஸை எங்கருந்து புடிச்சீங்க?"

"வேகமா நட."

கிடங்கு வெறிச்சோடிக் கிடந்தது. மேனேஜர், புரோகிராமர், போலீஸ் அனுப்பிய ஒரு ஏட்டு, மூன்றே பேர். சாவு நடந்ததால் ஆய்வுக்கு வர வேண்டிய அதிகாரியும் வரவில்லை. மேனேஜர் பெரிய உடம்புக்காரர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைப்பதையே அன்றைய வேலையாக வைத்துக்கொண்டிருந்தார். புரோகிராமர் மெலிந்த மனிதர், மென்மையான குரல். அவருடைய மேஜையில் நான்கு பேனாக்கள் நூல் பிடித்தாற்போல் வரிசையாகக் கிடந்தன. காகிதக் கட்டுகளின் விளிம்பு ஒன்றையொன்று தாண்டவில்லை.

ரேடியோ குனிந்து பார்த்தான். "இந்த மேஜையில எறும்பு ஏறினாக்கூட இடது ஓரமா போங்கன்னு சொல்வீங்க போலிருக்கே சார்."

புரோகிராமர் சிரித்தார். "சின்ன வயசுலேர்ந்தே அப்படிப் பழகிட்டேன். கோணலா ஏதாவது இருந்தா தூக்கம் வராது." அவராகவே ஒரு தாளை எடுத்து நீட்டினார். "போலீசுக்குக் கொடுத்த அதே தாள் மேடம். பூட்டையும் விளக்கையும் இயக்கற கதவுப் பெட்டிக்குள்ள ஓடற புரோகிராம்ல இருக்கற பட்டியல். எந்த அறைக்கு எத்தனை நிமிஷம்னு நீங்களே பாருங்க."

அறை 1 : 120
அறை 2 : 090
அறை 3 : 060
அறை 4 :  45

கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: கடைசியாக மாற்றியது, வெள்ளி மாலை 6.10.

"அறுபது," என்றார் மேனேஜர், விரலால் குத்திக்காட்டி. "எழுதியே இருக்கு. அதுக்கு முன்னாடி திறக்கணும்னா சாவி போட்டாத்தான் உண்டு."

"வெள்ளி சாயங்காலம் என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம். ஒழுங்கா வரிசைப்படுத்தினேன், அவ்வளவுதான். நிமிஷத்துல கை வைக்கல," என்றார் புரோகிராமர்.

முழக்கோல் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "தாள் சொல்றது இருக்கட்டும். கதவு என்ன சொல்லுதுன்னு பார்த்துடலாம். மூணாவது அறையை வெறுமனே ஓட்டுங்க. வாயு வேணாம், விசிறி மட்டும்."

புரோகிராமரின் சிரிப்பு ஒரு நூலளவு குறைந்தது. "எதுக்கு மேடம்? சனிக்கிழமையே போலீஸ் ஓட்டிப் பார்த்தாங்களே. தொண்ணூறுன்னா தொண்ணூறு, ஒரு நொடி பிசகல."

"தொண்ணூறா? அப்ப ஓட்டினது ரெண்டாவது அறை."

"ஆமா. மூணாவது அறை ஆள் செத்த இடம் பாருங்க. அதனால ரெண்டாவதை ஓட்டலாம்னு நான்தான் சொன்னேன். எல்லாத்துக்கும் ஒரே புரோகிராம்தானே."

ஏட்டு தலையாட்டினார். முழக்கோல் அவரைப் பார்த்தார். "துணி கிழிஞ்சது ஒரு முனையில. உங்களுக்கு விரிச்சுக் காட்டினது இன்னொரு முனையை. ஓட்டுங்க."

மூன்றேகால் மணிக்கு விசிறி கிளம்பியது. மூன்றாம் அறையின் இரும்புக் கதவு முன்னால் ஐந்து பேரும் நின்றார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. கதவடியில் சுண்ணக்கட்டியால் ஓர் உருவம் பாதி வரைந்து பாதி அழிந்திருந்தது. மேஸ்திரியை வெளியே இழுத்துப் போட்ட இடம். அதன்மேல் காலை வைத்துவிடாமல் எல்லோரும் ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றார்கள்.

முழக்கோல் நடக்க ஆரம்பித்தார். நான்காம் அறை மற்ற மூன்றையும்விடச் சின்னது. அதன் வாசலில் ஒரே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, குதிகால் சுவரைத் தொட, ஒட்டி வைத்திருந்தது.

"இது யாரோடது?"

"என்னோடது," என்றார் புரோகிராமர் பின்னாலிருந்து. "அது மீட்டர்களைச் சோதிக்கற அறை. கொஞ்சம் வாயு விட்டு, விசிறி ஓடினப்புறம் உள்ள போய்ப் பார்க்கணும். தினமும் காலையில நான்தான் போவேன். வேற யாருக்கும் அங்க வேலை கிடையாது."

முழக்கோல் கதவுப் பெட்டியின் மூடியை ஏட்டைத் திறக்கச் சொன்னார். உள்பக்கத்தில் பழுப்பேறிய பழைய பட்டியல் ஒன்று ஒட்டியிருந்தது. 120, 90, 60, 45. எண்கள் ஏணி சரிந்தது போலக் கோணலாக நின்றன. அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"என்ன மேடம்?" என்றான் ரேடியோ.

"ஒண்ணுமில்ல. அப்ப இவருக்கு நல்லாத் தூக்கம் வந்திருக்கு."

மேனேஜர் மூன்று முறை கடிகாரம் பார்த்தார். ரேடியோ, பூச்சிகள் சங்கம் வைத்தால் யார் தலைவர் என்று ஏதோ ஆரம்பித்தான். யாரும் சிரிக்கவில்லை, அவனுக்கே சிரிப்பு வரவில்லை. நிறுத்திவிட்டான். விசிறியின் இரைச்சல் மட்டும் ஓடியது.

நான்கு மணி மூன்று நிமிடம்.

'டக்.'

சிவப்பு அணைந்தது. பச்சை எரிந்தது. யாரும் தொடாமலேயே பூட்டு விட்டது.

ஏட்டு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டினார், மறுபடி பார்த்தார். "நாற்பத்தெட்டு நிமிஷம்மா," என்றார் மெதுவாக. "சாவி என் பையில இருக்கு."

மேனேஜர் சுவரில் சாய்ந்துகொண்டார். "அறுபதுன்னு எழுதியிருக்கே... அறுபதுன்னுதானே எழுதியிருக்கு..."

ரேடியோ கையை நீட்டினான். முழக்கோல் தாளைக் கொடுத்தார். அவன் மூன்றாம் வரியைப் பார்த்தான். பிறகு தன் நெற்றியில் தானே ஓங்கி ஒன்று வைத்துக்கொண்டான்.

"ஆறெட்டு நாற்பத்தெட்டு," என்றான்.

"புரியற மாதிரி சொல்லு."

"மேடம், இந்தப் பெட்டியில ஓடறது வலைப்பக்கம் எழுதற மொழி. அதுவும் அதோட பழைய நடை. அதுக்கு ஒரு கிறுக்கு உண்டு. எண்ணுக்கு முன்னாடி பூஜ்யம் போட்டா, நமக்கு அது வெறும் அலங்காரம். அதுக்கு அது உத்தரவு. 'இனிமே பத்து பத்தா எண்ணாதே, எட்டு எட்டா எண்ணு'ன்னு அர்த்தம். கையில எட்டே விரல் இருக்கறவன் மாதிரி. அறுபதுல ஆறு பத்து இருக்கு. பூஜ்யம் முன்னாடி வந்ததும் அது ஆறு எட்டு ஆயிடுச்சு."

"அப்ப ரெண்டாவது அறை? அதுக்கும் முன்னாடி பூஜ்யம் இருக்கே. தொண்ணூறு தொண்ணூறாத்தானே வந்துச்சு?" ஏட்டு கேட்டார்.

"அதான் சார் கிறுக்குல பெரிய கிறுக்கு. எட்டு விரல்காரனுக்கு எட்டு, ஒன்பதுன்னு எண்ணே கிடையாது. தொண்ணூறுல ஒன்பதைப் பார்த்ததும் அந்த மொழி, 'ஓ, இது நம்ம ஆளு இல்ல'ன்னு சத்தமில்லாம பத்து விரலுக்கே திரும்பிடும். தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லாது. ஒரே பட்டியல், ஒரே மாதிரி பூஜ்யம். ஒண்ணு தப்பிச்சது, ஒண்ணு ஆளைக் கொன்னுது."

புரோகிராமர் தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. "ஐயோ... அழகா இருக்கட்டும்னுதானே போட்டேன். எல்லாம் மூணு மூணு எண்ணா வரிசையா நிக்கட்டும்னு. இந்த மொழியில இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாது சார், சத்தியமாத் தெரியாது! என் கையால ஒரு மனுசன்..."

மேனேஜர் ஓடிவந்து அவர் முதுகைத் தடவினார். ரேடியோவுக்கே கண் கலங்கியது. அவனும் ஒரு காலத்தில் இப்படி ஒரு பூஜ்யத்தைப் போட்டு, ஓர் ஆபீஸ் முழுக்க பத்து மணிக்கு வர வேண்டியவர்களை எட்டு மணிக்கே வரச் சொன்னவன்தான். "நடக்கறதுதான் மேடம்," என்றான் தாழ்ந்த குரலில். "இதுல விழாத புரோகிராமரே கிடையாது. பாவம், கொலை இல்ல, கோளாறு. தம்பியும் குத்தவாளி இல்ல. வாங்க, அந்தம்மாகிட்ட சொல்லிடலாம். மணி நாலரை ஆகப்போகுது."

ஏட்டும் குறிப்புப் புத்தகத்தை மூடினார்.

"பேனா," என்றார் முழக்கோல்.

யாருக்கும் புரியவில்லை. அவர் ஏட்டின் பேனாவை வாங்கி, தாளை விரித்து, புரோகிராமர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கோணலா இருந்தா உங்களுக்குத் தூக்கம் வராது. சரி, ஒத்துக்கறேன். தொண்ணூறுக்குப் பூஜ்யம் போட்டீங்க. அறுபதுக்குப் பூஜ்யம் போட்டீங்க. நாலாவது வரியில நாற்பத்தஞ்சுக்கு ஏன் போடல?"

விசும்பல் நின்றது.

"மறந்துட்டேன்," என்றார் புரோகிராமர்.

"மறந்திருந்தா பழைய பட்டியல்ல இருந்த மாதிரி கோணலாவே நின்னிருக்கும். இங்க நேரா நிக்குது. பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்துல இடைவெளி விட்டு, தள்ளி நிறுத்தியிருக்கீங்க. மூணு வரியையும் மூணு எண்ணாக்கி அழகு பார்த்த கை, நாலாவது வரிக்கு வந்ததும் காலியா ஒரு இடத்தைத் தட்டிட்டு நின்னிருக்கு. ஏன்?"

புரோகிராமரின் விரல் அந்தக் காலி இடத்தை மறைத்தது.

முழக்கோல் பேனாவை ரேடியோவிடம் நீட்டினார். "அந்தக் காலி இடத்துல ஒரு பூஜ்யத்தை நீ போடு. பெட்டியிலயும் மாத்திடு. வரிசை அழகாயிடும். இவரும் வழக்கம்போல நாளைக் காலையில செருப்பைக் கழட்டிட்டு உள்ள போகட்டும். தெரியாம நடந்ததுதானே? பயம் இருக்காது."

ரேடியோவின் கை பேனாவோடு அந்தரத்தில் நின்றது. அவன் வாய் தானாக வாய்ப்பாடு சொன்னது. நாலெட்டு முப்பத்திரண்டு. அதோடு அஞ்சு. முப்பத்தேழு. எட்டு நிமிடம் முன்னாடியே கதவு திறக்கும். பூஜ்யம் போட்டாலும் ஒன்றும் ஆகாத வரியில் பூஜ்யம் இருந்தது. பூஜ்யம் போட்டால் புரோகிராமரே சாக வேண்டியிருக்கும் வரியில் மட்டும் இல்லை. இந்த மொழியின் கிறுக்கை விரல்நுனியில் வைத்திருப்பவன் ஒருவனால்தான் இப்படி ஒரு பட்டியல் எழுத முடியும்.

"போடட்டுமா சார்?" என்றான். இந்தத் தடவை அவன் குரலில் ஜோக் இல்லை.

"வேணாம்," என்றார் புரோகிராமர்.

"ஏன்?"

புரோகிராமர் தலையிலிருந்து கைகளை எடுத்தார். அழுகையெல்லாம் எங்கோ போயிருந்தது. அந்த மென்மையான குரல் மட்டும் மாறவில்லை.

"அந்த அறைக்குள்ள நான் போவேன் மேடம்."

மேனேஜர் அவர் முதுகிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"மீட்டர் செத்தது தெரிஞ்சதும் புதுசு கேட்டிருக்கலாமே," என்றார் முழக்கோல்.

"கேட்டேன். வருஷ ஆய்வு முடியட்டும், அதுவரைக்கும் எப்படியாவது ஓட்டுன்னாங்க." யார் என்று சொல்லவில்லை, மேனேஜர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "திரையில நம்பர் ஓடற மாதிரி எழுதினேன், தினமும் மீட்டர் சோதனை நடக்கற மாதிரியும் காட்டினேன். மேஸ்திரி கண்டுபிடிச்சுட்டாரு. கெஞ்சினேன். நாலு பேர் முன்னாடி என்னைப் பொம்மைக்காரன்னு கூப்பிட்டாரு. எப்பவும் முதல்ல உள்ள போறது அவர்தான். தனியா." தன் கைகளைப் பார்த்தார். "மீட்டர் உயிரோட இருந்திருந்தா வாயு இருக்கறப்ப கதவே திறந்திருக்காது."

ஏட்டு குறிப்புப் புத்தகத்தை மறுபடி திறந்தார்.

மேஸ்திரியின் வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தே கால். அவள் அதே நாற்காலியில், டப்பா அதே இடத்தில். முழக்கோல் சுற்றி வளைக்கவில்லை.

"உங்க தம்பி பொய் சொல்லல. பச்சை எரிஞ்சது."

அவள் எழுந்து டப்பாவைத் தூக்கினாள். வாசலை எப்போது தாண்டினாள் என்று ரேடியோவுக்குத் தெரியவில்லை. இவர்கள்தான் அவளுக்குப் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

தம்பியை விடுவிக்கக் காகிதம் வர நாளைக் காலை ஆகும் என்றார்கள் ஸ்டேஷனில். கம்பிக்கு அந்தப் பக்கம் கதவுக்காரன் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்தான். கிட்ட வரவில்லை.

"பச்சை எரிஞ்சதுக்கா."

"தெரியும்டா. கண்டுபிடிச்சுட்டாங்க. உன்மேல தப்பில்ல."

அவன் கேட்டதாகவே தெரியவில்லை. "சண்டைக்கு அப்புறம் பத்து நாளா நான் அவர்கிட்ட பேசவே இல்லக்கா. அன்னிக்குத்தான்... போகட்டும், எத்தனை நாளைக்குன்னு நினைச்சேன். கதவைத் திறந்துவிட்டு, 'உள்ள போங்க மச்சான்'னு சொன்னேன். அவரும் சிரிச்சாரு. சிரிச்சுட்டே போனாருக்கா."

ரேடியோ என்னவோ சொல்ல வாயெடுத்தான். முழக்கோல் அவன் தோளைத் தொட்டு வெளியே போகலாம் என்று சைகை செய்தார்.

அவள் கம்பியருகே தரையில் உட்கார்ந்து டப்பாவை அடுக்கடுக்காகப் பிரித்தாள். கன்னத்தில் பழைய விரல் தடம் இன்னும் மஞ்சளாகத் தெரிந்தது. முதல் தட்டைக் கம்பிக்கு அடியில் தள்ளினாள்.

"காலையில செஞ்சது, ஆறிப்போச்சு," என்றாள். "வா. சாப்பிடு."